ஐந்து வயது மகளோடு டிஸ்னி: தோக்கியோவா, ஹாங்காங்கா?

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் ஒரு தாயார் கேட்டிருப்பது இது. மகளுக்கு ஐந்து வயது, பாலர் பள்ளிக்குப் போகிறாள். கணவன், மனைவி, மகள், கூடவே 68 வயது மாமியார். மாமியார் சுத்த சைவம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் தோக்கியோ டிஸ்னிலேண்டுக்குப் போகலாமா, ஹாங்காங் போதுமா, இல்லை தங்கை சொல்வதுபோல் சிங்கப்பூரில் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பார்த்துவிட்டு வந்துவிடலாமா? பயணக் கண்காட்சியில் பார்த்த ஐந்து நாள், நான்கு இரவு தோக்கியோ பாக்கேஜ் எடுக்கலாமா? கடைசியில் போகிற போக்கில் ஒரு வரியும் எழுதியிருக்கிறார்: இவ்வளவு செலவு பண்ணிப் போய் அவள் அங்கே அழுதுகொண்டே இருந்தால் என்ன செய்வது? எனக்கென்னவோ இந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி என்று படுகிறது. இதற்குப் பதில் கிடைத்தால் எந்த ஊர், எந்த மாதம், எத்தனை நாள் என்பதெல்லாம் தானாக முடிவாகிவிடும்.

நான் பிரிக்பீல்ட்ஸில் பல வருடமாகப் பயண முகவர் வேலை பார்ப்பவன். டிக்கெட் போட்டுக் கொடுப்பதோடு, குடும்பக் குழுக்களைக் கூட்டிக்கொண்டு போயும் வந்திருக்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டு நிலவரத்துக்கு ஹாங்காங் சரிவரும். டிசம்பர் வேண்டாம், ஜனவரியில் போங்கள். தோக்கியோவை மகளுக்கு எட்டு வயது ஆகும்வரை ஒத்திப் போடலாம். காரணங்களில் சில எழுதி வைத்த விதிகள், சில என் அனுபவக் கணிப்பு. இரண்டையும் கலக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

மகளின் வயதைச் சொன்னீர்கள், உயரத்தைச் சொல்லவில்லை. தீம் பார்க்கில் வயது டிக்கெட் கவுண்டரோடு முடிந்துவிடும். உள்ளே போனபின் பேசுவது உயரம்தான். ஹாங்காங் டிஸ்னிலேண்டில் ஃப்ரோசன் பகுதியில் இருக்கும் சிறிய ரோலர் கோஸ்டருக்கு 95 சென்டிமீட்டர் வேண்டும். இருட்டில் ஓடும் ஹைப்பர்ஸ்பேஸ் மவுண்டனுக்கும் அயர்ன்மேன் சவாரிக்கும் 102. பிக் கிரிஸ்லி சுரங்க ரயிலுக்கு 112. ஆர்சி ரேசருக்கு 120. தோக்கியோவில் ஸ்பிளாஷ் மவுண்டனுக்கு 90, பிக் தண்டர் மவுண்டனுக்கு 102. பக்கத்திலேயே இருக்கும் டிஸ்னிசீ பார்க்கில் பெரிய சவாரிகள் சில 117 கேட்கின்றன. சிங்கப்பூர் யுனிவர்சலில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் 102, ஜுராசிக் பார்க் தண்ணீர்ச் சவாரி 107, மம்மி 122, பேட்டில்ஸ்டார் கலாக்டிகா 125. ஐந்து வயதுப் பெண் பிள்ளைகள் பலர் 105க்கும் 110க்கும் நடுவில் இருப்பார்கள். இன்றைக்கே சுவரோரம் செருப்பில்லாமல் நிற்க வைத்து அளந்து பாருங்கள். ஓரிரு சென்டிமீட்டர் குறைந்தால் சமாளித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். சவாரி வாசலில் அளவுகோலோடு ஊழியர் நிற்பார், கெஞ்சினாலும் விடமாட்டார், விடவும் கூடாது. ஒரு மணி நேரம் வரிசையில் நின்றபின் அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்பும்போது வரும் அழுகையைத் தவிர்க்கத்தான் இத்தனை எண்களையும் எழுதினேன்.

இந்த எண்களில் இன்னொரு விஷயமும் தெரிகிறது. ஐந்து வயதில் எந்தப் பார்க்குக்குப் போனாலும் அவள் நாள் பூராவும் ஏறப்போவது குதிரை ராட்டினம், பறக்கும் டம்போ யானை, படகில் உட்கார்ந்து பொம்மைகள் பார்ப்பது, கரடி பூவின் வண்டி, ஊர்வலம், இளவரசியோடு ஒரு போட்டோ. இவையெல்லாம் ஹாங்காங்கிலும் இருக்கின்றன, தோக்கியோவிலும் இருக்கின்றன. தோக்கியோவைத் தனித்துக் காட்டுவது டிஸ்னிசீயும், அதற்குள் 2024 ஜூனில் திறந்த ஃபேண்டசி ஸ்பிரிங்ஸ் பகுதியும். ஆனால் பெண் பிள்ளைகள் முதலில் கேட்கும் ஃப்ரோசன் உலகம் ஹாங்காங்கிலும் 2023 நவம்பரிலேயே வந்துவிட்டது. ஹாங்காங் பார்க் சிறியது, ரெண்டு மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம் என்று சிலர் குறை சொல்வார்கள். உங்களுக்கு அந்தச் சிறிய அளவுதான் சௌகரியம். 68 வயது முழங்காலும் ஐந்து வயது முழங்காலும் ஒரே நாளில் நடக்கவேண்டிய தூரத்தை நினைத்துப் பாருங்கள்.

இதுவரை சொன்னது விதி. இனி என் கணிப்பு. குடும்பப் பயணம் கெட்டுப்போவது பெரும்பாலும் தவறான பார்க்கைத் தேர்ந்தெடுத்ததால் இல்லை. பிள்ளையால் தாங்க முடிகிற நேரத்தைத் தாண்டியும் பெரியவர்கள் டிக்கெட் காசுக்காக உள்ளேயே நிற்பதால்தான். காலை பத்து மணிக்குத் துள்ளிக்கொண்டு போகும் பிள்ளை, மதியம் மூன்று மணிக்குத் தரையில் உட்கார்ந்துவிடும். அப்பா வாணவேடிக்கை வரைக்கும் இருந்தே தீருவோம் என்பார், அம்மாவுக்கு அவர்மேல் கோபம் வரும், பாட்டி நடுவில் மாட்டிக்கொள்வார். உங்கள் மகள் எத்தனை மணி நேரம் தாங்குவாள் என்று என்னால் சொல்ல முடியாது. உங்களாலும் ஊகிக்க முடியாது, ஆனால் சோதித்துப் பார்க்க முடியும். ஒரு சனிக்கிழமை இங்கேயே இருக்கும் தீம் பார்க் ஒன்றுக்கு, கெந்திங் ஸ்கைவேர்ல்ட்ஸுக்கோ சன்வே லகூனுக்கோ கூட்டிப் போங்கள். கெந்திங் என்றால் இன்னும் நல்லது, கொஞ்சம் குளிரும் இருக்கும். எத்தனை மணிக்கு முகம் வாடுகிறது, வரிசையில் எவ்வளவு நேரம் பொறுக்கிறாள், இருட்டான சவாரியில் கண்ணை மூடிக்கொள்கிறாளா, பெரிய தலை வைத்த வேஷக்காரரைப் பார்த்து ஓடிவருகிறாளா அல்லது ஓடிப்போகிறாளா, எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளுங்கள். டிவியில் மிக்கியைப் பார்த்துக் கைதட்டும் பிள்ளை, ஆறடி மிக்கி எதிரே வந்து நின்றதும் அலறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே ஐந்து மணி நேரம் தாங்கினாள் என்றால், வெளிநாட்டிலும் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் என்றே திட்டம் போடுங்கள். மீதி நேரத்தை ஓட்டல் அறைக்கு விட்டுவிடுங்கள்.

அந்தக் கணக்கில் பார்த்தாலும் ஹாங்காங்தான் முந்துகிறது. கோலாலம்பூரிலிருந்து விமானம் சுமார் நான்கு மணி நேரம், கடிகாரத்தில் வித்தியாசமே இல்லை. தோக்கியோ ஏறக்குறைய ஏழு மணி நேரம். இங்கிருந்து பல விமானங்கள் ராத்திரி கிளம்பி விடியற்காலை இறங்கும். ஓட்டல் அறை மதியத்துக்குமேல்தான் தருவார்கள். அரைத் தூக்கத்தில் இருக்கும் பிள்ளையையும் பாட்டியையும் வைத்துக்கொண்டு அந்த ஆறேழு மணி நேரத்தைக் கடத்துவது பெரிய பாடு. ஹாங்காங்கில் விமான நிலையத்தை ஒட்டிய லந்தாவ் தீவிலேயே டிஸ்னிலேண்டும் இருக்கிறது. துங் சுங் ரயில் தடத்தில் சன்னி பே நிலையத்தில் இறங்கி, மிக்கி முக வடிவில் ஜன்னல் வைத்த குட்டி ரயிலில் மாறினால் நேரே வாசலில் விடும். அந்த ரயிலே பிள்ளைகளுக்கு ஒரு சவாரி மாதிரிதான்.

அதே தடத்தின் கடைசி நிலையம் துங் சுங். அங்கிருந்து ஙோங் பிங் கேபிள் காரில் 25 நிமிடம் போனால் பெரிய வெண்கலப் புத்தர் சிலையும் போ லின் மடாலயமும் வரும். மடாலயத்தில் சைவச் சாப்பாடு போடுகிறார்கள். மாமியாருக்காக ஒரு நாளை இங்கே ஒதுக்குங்கள் என்று கட்டாயம் சொல்வேன். சிலையடிக்குப் போக 268 படிகள், அதை அவர் ஏற வேண்டியதில்லை. கீழேயிருந்தே கும்பிட்டுவிட்டுச் சாப்பிட உட்காரலாம். பாட்டிகளைத் தீம் பார்க்குக்குக் கூட்டிப்போகும் வீடுகளில் பலர் அவரைப் பை காவலுக்கு வைத்துவிடுகிறார்கள். அவருக்கென்று ஒரு நாள் இருந்தால் மற்ற நாட்களில் அவரும் முகம் சுளிக்கமாட்டார். இன்னொரு விஷயம், ஹாங்காங் டிஸ்னியில் 60 வயது தாண்டியவர்களுக்குப் பெரியவர் விலையில் ஒரு சிறு பங்குதான். தோக்கியோவில் அவருக்கும் பெரியவர் டிக்கெட்தான். அங்கே அது நாளைப் பொறுத்து 7,900 யென்னிலிருந்து 10,900 யென் வரை போகும். உச்ச நாள் என்றால் தலைக்கு 300 மலேசிய வெள்ளியை (ரிங்கிட்) ஒட்டி வரும், அதில் மாமியார் ஏறப்போவது ரெண்டோ மூன்றோ சவாரி.

ஆகவே வரிசை இப்படி இருக்கலாம். முதல் நாள் போய்ச் சேர்ந்து தூங்குவது, வேறெதுவும் வேண்டாம். இரண்டாம் நாள் டிஸ்னி. மூன்றாம் நாள் ஙோங் பிங். நான்காம் நாள் மறுபடி டிஸ்னி, முதல் தடவை பிடித்துப்போனதை மட்டும் திரும்பத் திரும்ப. ஐந்தாம் நாள் வீடு. இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் புதுச் சவாரியைவிட, நேற்று ஏறியதே இன்றைக்கும் வேண்டும். ஆனால் இரண்டு நாள் டிக்கெட் வாங்கும்போது அடுத்தடுத்த நாளில் பயன்படுத்த வேண்டுமா, நடுவில் இடைவெளி விடலாமா என்று நிபந்தனையைப் படித்துவிட்டு வாங்குங்கள். பார்க்கை ஒட்டிய ஓட்டலிலோ துங் சுங்கிலோ தங்கினால் மதியம் வந்து ரெண்டு மணி நேரம் தூங்கவைத்துவிட்டு மாலையில் திரும்பலாம், அதே டிக்கெட்டில் அன்றைக்கே மறுபடி உள்ளே விடுவார்கள். கிளம்பும்போது வாசலில் ஊழியரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சிம் ஷா சுய் போன்ற நகரப் பகுதியில் தங்கினால் அறை மலிவாக அமையலாம், பக்கத்தில் இந்தியச் சாப்பாடும் உண்டு, ஆனால் இந்த மதியத் தூக்கம் போய்விடும். நான் தூக்கத்துக்குத்தான் காசு கொடுப்பேன்.

இப்போது மாதம். டிசம்பரில் மலேசியா, சிங்கப்பூர் இரண்டிலும் பள்ளி விடுமுறை, அதோடு கிறிஸ்துமஸ், புத்தாண்டு. விமானம், அறை, டிக்கெட் எல்லாமே உச்ச விலையில் இருக்கும். உங்கள் மகள் இன்னும் முதலாம் ஆண்டில் சேரவில்லை. பாலர் பள்ளியில் ஒரு வாரம் விடுப்பு கேட்டால் யாரும் பெரிதாக நினைக்கமாட்டார்கள். ஆண்டு ஒன்று தொடங்கிவிட்டால் இந்தச் சலுகை கிடையாது. ஜனவரி இரண்டாவது, மூன்றாவது வாரத்தில், செவ்வாய் முதல் வியாழனுக்குள் பார்க் நாட்களை வையுங்கள். சீனப் புத்தாண்டு சில வருடம் ஜனவரி கடைசியிலேயே வந்துவிடும், அதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் தள்ளி நில்லுங்கள். கூட்டம் எவ்வளவு இருக்கும் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது, காலண்டர் பார்த்துச் சாதகமான பக்கம் சாயலாம், அவ்வளவுதான். எந்தச் சவாரி பராமரிப்புக்காக மூடியிருக்கிறது என்பதைப் பார்க்கின் இணையத்தளத்தில் முன்கூட்டியே போடுவார்கள், தேதியைப் பூட்டும் முன் அதைப் பாருங்கள். ஜனவரியில் ஹாங்காங்கில் 14 முதல் 19 டிகிரி வாக்கில் இருக்கும், ஒரு ஸ்வெட்டரும் காற்றுத் தடுக்கும் மேல்சட்டையும் போதும். தோக்கியோ டிஸ்னி கடலோரம் இருப்பது. டிசம்பர் மாலையில் ஐந்து ஆறு டிகிரியில் கடல் காற்றும் சேர்ந்து அடிக்கும்போது நம் ஊர்ப் பிள்ளைகள் வாணவேடிக்கையைப் பார்ப்பதற்கு முன்பே அறைக்குப் போகலாம் என்பார்கள். இங்கே பள்ளி விடுமுறை எப்போது விட்டாலும் சரி, ஜூலை முதல் செப்டம்பர் வரை ஹாங்காங் வேண்டாம். வெயில் ஒரு பக்கம், புயல் மறுபக்கம். எட்டாம் எண் புயல் எச்சரிக்கை ஏற்றிவிட்டால் ஊரே கதவை அடைத்துக்கொள்ளும்.

மாமியார் சைவம் என்று நீங்கள் ஒரே வரியில் சொல்லியிருந்தீர்கள், எனக்கு அது பெரிய விஷயம். ஜப்பானில் கறி மீன் கண்ணுக்குத் தெரியாத சாப்பாட்டிலும் மீன் இருக்கும். சூப், குழம்பு, நூடுல்ஸ் சாறு, காய்கறி வேகவைக்கும் தண்ணீர் வரைக்கும் உலர்ந்த மீனில் எடுத்த சாறுதான் அடிப்படை. காய்கறி மட்டும்தான் என்று ஊழியர் உண்மையாகவே நம்பிச் சொல்வார், ஆனாலும் அதில் மீன் சாறு இருக்கும். பின்னாளில் தோக்கியோ போகும்போது நிஷி கசாய் பகுதியில் தங்கப் பாருங்கள். இந்தியக் குடும்பங்கள் நிறைய வசிக்கும் இடம், நம் சாப்பாட்டுக் கடைகள், மளிகைக் கடைகள் உண்டு, டிஸ்னியிலிருந்தும் அதிகத் தூரமில்லை. ஹாங்காங்கில் புத்த சைவ உணவகங்கள் பரவலாக இருக்கின்றன. டிஸ்னிக்குள் ஹலால் சான்று பெற்ற உணவகம் உண்டு, இந்திய வகைச் சாப்பாடும் கிடைக்கும், ஆனால் ஹலால் என்றால் சைவம் என்று ஆகிவிடாது, தட்டில் வாங்கும் முன் கேளுங்கள். இறைச்சி, மீன், முட்டை, இவற்றின் சாறு எதுவும் வேண்டாம் என்று சீன எழுத்தில் ஒரு அட்டையில் எழுதிக்கொண்டு போவது நல்லது. சீன நண்பர் யாரையாவது எழுதித் தரச் சொல்லுங்கள், கோலாலம்பூரில் அதற்கா பஞ்சம். ரெடிமேட் உப்புமா, ஊறுகாய்ப் பொட்டலம், ஒரு சின்ன மின்சாரக் கெண்டி பெட்டியில் இருக்கட்டும்.

தங்கை சொல்லும் சிங்கப்பூர் தப்பான யோசனை இல்லை. பணம் இடித்தால் அதுதான் சரி. லிட்டில் இந்தியா இருக்கும் சிராங்கூன் சாலையில் மாமியாருக்குச் சாப்பாட்டுக் கவலையே இருக்காது. ஆனால் மேலே கொடுத்த உயரங்களைப் பாருங்கள், யுனிவர்சலின் பெயர்பெற்ற சவாரிகளில் பாதி அவளுக்கு இப்போது மூடிய கதவு. மினியன் பகுதி, செசமி ஸ்ட்ரீட் என்று ஒரு நாள் போகும். அந்தப் பக்கம்தான் போவதென்றால் வழியில் ஜொகூரிலேயே இருக்கும் லெகோலாந்து இந்த வயதுக்கு இன்னும் பொருத்தம். இரண்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்காரர்களை நினைத்துக் கட்டியது அது.

பாக்கேஜ் விஷயத்துக்கு வருகிறேன், என் தொழில் என்பதால் கொஞ்சம் தயக்கத்தோடுதான். ஐந்து நாள் நான்கு இரவு என்பதில் ஓர் இரவு விமானத்தில் கழிகிறதா என்று முதலில் பாருங்கள். கிளம்பும் நாளையும் திரும்பும் நாளையும் கழித்தால் கையில் மிஞ்சுவது பல சமயம் மூன்று நாள். அதில் ஒரு நாள் பஸ்ஸில் மலை பார்க்க, ஒரு நாள் கடைக்கு. டிஸ்னிக்கு ஒதுக்கியது ஒரே நாள், அதுவும் குழுவோடு காலையில் இறங்கி இரவில் ஏற வேண்டும் என்றால், மதியம் தூக்கம் வந்த பிள்ளைக்கு வழியே இல்லை. கட்டாயக் கடை நிறுத்தங்கள் எத்தனை, டிஸ்னி நாளில் நாமாகத் திரும்பி வரலாமா, நால்வரும் ஒரே அறையில் படுக்கலாமா, அப்படியென்றால் எத்தனை கட்டில் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் இழுபறியாக வந்தால் விட்டுவிடுங்கள். ஹாங்காங்குக்கு உங்களுக்குப் பாக்கேஜே தேவைப்படாது. விமானம், அறை, டிக்கெட் மூன்றையும் தனித்தனியாக வாங்கிவிடலாம். மலிவு விமானங்களில் இரண்டு வயது தாண்டிய பிள்ளைக்கும் ஏறக்குறைய முழுக் கட்டணம்தான், அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வரிசையைத் தாண்டும் வசதியும் உண்டு. ஜனவரி வார நாளுக்கு அதை முன்கூட்டியே வாங்காதீர்கள், உள்ளே போய்க் கூட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

மருத்துவம் நான் பேசக்கூடிய விஷயம் இல்லை. மாமியாரின் இதயம், மூட்டு பற்றியும், மகளுக்கு வீசிங் மாதிரி ஏதாவது இருந்தால் அதைப் பற்றியும் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். பார்க்கில் சக்கர நாற்காலியும் தள்ளுவண்டியும் வாடகைக்குக் கிடைக்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தள்ளுவண்டியா என்று கூச்சப்பட வேண்டாம், மூன்று மணிக்குமேல் அதன் அருமை தெரியும். காய்ச்சல் மருந்தை இங்கிருந்தே கொண்டுபோங்கள், வழக்கமாகக் கொடுக்கும் அதே பிராண்டை.

கடைசியாக, நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடம். மலேசியக் குடிமக்களுக்கு ஹாங்காங் போக விசா தேவையில்லை, 90 நாள் வரை தங்கலாம். குடும்பத்தில் யாராவது இந்தியக் கடப்பிதழ் வைத்திருந்தால் கதை வேறு, அவர் கிளம்பும் முன் ஹாங்காங் குடிநுழைவுத் துறையிடம் தன் வருகையை இணையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். கடப்பிதழ்களில் பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது மிச்சம் இருக்கட்டும். மகளுக்குப் புதிதாக எடுப்பதென்றால் அவளையும் பிறப்புப் பத்திரத்தையும் குடிநுழைவுத் துறைக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும், விடுமுறை நெருங்கும்போது அங்கே கூட்டம் அதிகம். நம் பெயரில் இன்னாரின் மகன், மகள் என்பதற்கு ஏ/எல், ஏ/பி என்று வரும் சாய்கோட்டை விமான நிறுவனங்களின் படிவங்கள் பல ஏற்காது. பிள்ளையின் பெயரை முதல் பெயர் கட்டத்திலும் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்திலும் போடுவது வழக்கம். எப்படிப் போட்டாலும் நான்கு பேருக்கும் ஒரே முறையில் போடுங்கள், எழுத்துகள் கடப்பிதழில் உள்ளபடியே இருக்கட்டும். உங்கள் பெயருக்குப் பின்னால் உங்கள் அப்பா பெயர், மகளின் பெயருக்குப் பின்னால் உங்கள் கணவர் பெயர். அதனால் நீங்களும் அவளும் மட்டும் ஒரு கவுண்டரில் நிற்கும்போது இரண்டு கடப்பிதழையும் பார்க்கும் வெளிநாட்டு அதிகாரிக்கு உறவு தெரியாது. அவளுடைய பிறப்புப் பத்திரத்தின் நகலை உங்கள் கைப்பையில் வையுங்கள், கணவரின் பையில் வேண்டாம். டிக்கெட் வாங்கும் பொத்தானை அழுத்தும் முன் பெயர்களை இன்னொருவரை விட்டு ஒரு தடவை வாசிக்கச் சொல்லுங்கள், வாங்கிய பிறகு திருத்தப் போனால் தனிக் கட்டணம் கேட்பார்கள்.